கமிட்டியில் சொல்லாத பேர்

சந்தியாகு கொட்டாய்,
14-7-1968

சேசு மரி சூசை துணை

பாப்பா,

பேரை எழுதாமல் பாப்பா என்று எழுதுகிறேனே என்று நினைக்காதே. நர்ஸ் உத்தியோகத்துக்கு வந்து எங்கள் வீட்டு முன்னறையில் உன் தகரப்பெட்டியை இறக்கின அன்றைக்கே உன்னை அப்படித்தான் கூப்பிட்டேன். தாஹிரா என்பது என் வாயில் நுழையவில்லை. நீயும் என் மகள் அருள்மேரியும் ஒரே தட்டில் களி தின்று, கடைசி உருண்டைக்குச் சண்டை போட்டது எனக்கு மறக்கவில்லை. உனக்கு மறந்துவிட்டதோ என்னவோ.

நான் மிஷன் ஸ்கூலில் மூன்றாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும். கோயில் உபதேசியாரிடம் சொன்னால் அழகாக எழுதிக் கொடுப்பார். இதை இன்னொருத்தர் கையால் எழுத மனசு வரவில்லை.

அருள்மேரி விட்டுப்போன குழந்தை சுகமாக இருக்கிறாள். செசிலியா என்று ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. அடுத்த வீட்டு மாரம்மா தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது இவளுக்கும் கொடுக்கிறாள். மருமகன் மாசத்துக்கு ஒருதரம் பெங்களூரிலிருந்து வருகிறான். தூக்கத் தெரியாமல் தூக்குகிறான். அவள் கத்தினதும் என் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நிற்கிறான்.

என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். அருள்மேரியைக் கல்லறைக்குத் தூக்கினபோது ஊரே வந்தது. நீ வரவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கும் வரவில்லை. நான் கல்லறையே கதி என்று கிடந்த நேரத்தில் ஜவளகிரிக்கு மாற்றலாகிப் பெட்டியோடு போய்விட்டாய் என்று மாரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் என் கையால் சாப்பிட்டவள், போய் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது எழுதுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. டெல்லியிலிருந்து பார்லிமெண்டு கமிட்டி ஒன்று வருகிறதாம். பட்டிக்காட்டில் பிள்ளை பெறும் பெண்களுக்கு சர்க்கார் ஆஸ்பத்திரி, நர்ஸ், வண்டி என்று காகிதத்தில் இருக்கிறதே, அதெல்லாம் உள்ளபடி கிடைக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்க் கேட்கிறார்களாம். அடுத்த மாசம் கிருஷ்ணகிரி பங்களாவில் உட்காருகிறார்கள். பங்கு சாமியார் என்னைக் கூப்பிட்டு, “நீ வந்து சாட்சி சொல்லும்மா” என்றார்.

“சாட்சின்னா கோர்ட்டா சாமி?”

“கோர்ட்டில்ல. யாருக்கும் தண்டனை கெடையாது. நீ சொல்றத எழுதிக்கினு போயி பார்லிமெண்டுல வெப்பாங்க.”

போனால் அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நீ இருந்த குடும்பக் கட்டுப்பாட்டு லூப் கேம்புக்கு வந்தார். புளியமரத்தடியில் ஜீப் நின்றது. நீ உள்ளே இருந்தாய். அவர் தனியாகத் திரும்பி வந்தார். மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம், பாதி வழியிலேயே போய்விட்டாள். இவ்வளவையும் சொன்னால் உன் பேச்சு வரும். உன்னைக் கேட்காமல் போகக் கூடாது என்று எழுதுகிறேன். என்ன சொல்கிறாய்?

இப்படிக்கு
பவுலினா


ஜவளகிரி,
23-7-1968

786

அன்புள்ள பெரியம்மாவுக்கு தாஹிரா எழுதுவது. நலம்.

கமிட்டிக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணத்தை எழுத முடியவில்லை. இங்கே தபால் நாலு கை மாறி வருகிறது. யார் பிரிப்பார்கள் என்று தெரியாது.

மாரம்மாவுக்குக் கூழும் கீரையும் குறையாமல் கொடுங்கள். இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள், அவளுக்குப் பசி அதிகமாக இருக்கும், கேட்க வெட்கப்படுவாள். செசிலியாவுக்கு அம்மை குத்தியாயிற்றா?

நான் எதையும் மறக்கவில்லை.

தாஹிரா


சந்தியாகு கொட்டாய்,
1-8-1968

நர்ஸம்மா அவர்களுக்கு,

அம்மை குத்தியாயிற்று. மாரம்மாவுக்குக் கூழ் ஊற்ற எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

போக வேண்டாம் என்று எழுத உனக்குக் கை வந்தது. ஒன்றிய ஆபீசிலிருந்து கமிட்டிக்கு முன்னாலேயே எழுத்தில் பதில் போயிருக்கிறதாம். உபதேசியாரின் மைத்துனர் அங்கே பியூன், அவர் கேட்டு வந்து சொன்னார். இந்தப் பக்கத்துப் பெண்கள் நாட்டு மருத்துவச்சியைத்தான் நம்புகிறார்கள், நர்ஸ் இருந்தும் கூப்பிடுவதில்லை, அதனால் சாகிறார்கள் என்று இருக்கிறதாம்.

நாங்கள் கூப்பிடவில்லையா? வீட்டுக்காரர் அன்றைக்கு மிதித்த மிதியில் சைக்கிள் சங்கிலி அறுந்து, மீதி தூரம் தள்ளிக்கொண்டே ஓடி வந்தார். நான் போகாவிட்டால் அவர்கள் எழுதினதுதான் டெல்லியில் நிற்கும். என் மகள் என் அறியாமையால் செத்தாள் என்று நிற்கும். அதற்குத்தானா நீ போகாதே என்கிறாய்?

பவுலினா


ஜவளகிரி,
9-8-1968

786

பெரியம்மா,

இதைப் புளி வியாபாரம் பண்ணும் பஷீர் அஹமது மாமா கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் உங்கள் வீட்டிலேயே வந்து கொடுப்பார். அதனால் தைரியமாக எழுதுகிறேன். நர்ஸம்மா என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை.

அடக்கத்துக்கு வந்தேன். வாய்க்கால் கரை வரைக்கும் வந்தேன். உங்கள் ஆட்கள் சிலர் மறித்து, “இப்ப எதுக்குடி வர்ற, பொணத்துக்கு ஊசி போடவா?” என்று கேட்டார்கள். நான் திரும்பிவிட்டேன். மறுநாளே மாற்றல் உத்தரவு, உடனே புறப்பட வேண்டும் என்று கொடுத்தார்கள்.

அன்றைக்கு நடந்தது இது. பெரியப்பா சைக்கிளோடு வந்து நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கேம்பை நடத்தின ஒன்றிய ஆபீசரிடம் ஓடினேன். “சார், என் தங்கச்சி மாதிரி சார். ஜீப்பு குடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கினு போயிடறேன்” என்றேன். “ஜீப்பு குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கினது. பிரசவத்துக்கு ஓட்டினா ஆடிட்டுக்கு நான்தான் பதில் சொல்லணும். மேலதிகாரி வர்ற நேரம், நீயும் நகரக் கூடாது” என்றார். கையைப் பிடித்துக் கெஞ்சினேன். வாசலில் நின்ற பெரியப்பாவைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, கேம்ப் முடிகிற வரைக்கும் என்னை விடவில்லை. முடிந்ததும் ஓடி வந்தேன். உங்கள் மாட்டு வண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேராமலே எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் தலை உங்கள் மடியில் இருந்தது. நான் வண்டியின் பின்சட்டத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை.

ஜவளகிரிக்கும் அவர்தான் ஆபீசர். இப்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். யாரும் வந்து தகவல் சொல்லவில்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். போடவில்லை. போட மாட்டேன். ஆனால் நீங்கள் கமிட்டியில் என் பேரைச் சொன்னால், நான்தான் உங்களைத் தூண்டிவிட்டேன் என்று வேலையை எடுத்துவிடுவார். அத்தா இல்லாத வீடு. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

தளியில் இருக்கும் டாக்டரம்மாவிடம் கமிட்டியைப் பற்றிக் கேட்டேன். முதலில் இலாகாவிடம் எழுத்தில் பதில் வாங்குவார்களாம். பிறகு ஜனங்களைக் கேட்பார்களாம். கடைசியில் பெரிய அதிகாரிகளை டெல்லியில் உட்கார வைத்து, நீங்கள் இப்படி எழுதினீர்கள், அவர்கள் அப்படிச் சொன்னார்களே என்று கேட்பார்களாம். “ரெண்டும் ஒத்துப் போகாத எடத்துலதாம்மா அவங்களுக்கு வேலையே” என்றார்கள். அப்படியானால் நீங்கள் போகத்தான் வேண்டும். நான் போகாதே என்று எழுதியது தப்பு.

போங்கள் பெரியம்மா. நடந்ததைச் சொல்லுங்கள். பேரை மட்டும்

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

தாஹிரா


சந்தியாகு கொட்டாய்,
27-8-1968

சேசு மரி சூசை துணை

பாப்பா,

உன்னை மறித்தவர்கள் யார் என்று விசாரித்தேன். அதில் ஒருவன் என் கூடப்பிறந்தவன் மகன். அவனை வீட்டு வாசலில் நிறுத்தி நான் கேட்ட கேள்வியைத் தெருவே கேட்டது. அதை விடு. இதையும் புளிக்காரர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டு வந்தேன். முதலிலிருந்து சொல்கிறேன்.

பங்களாவில் நீள மேசைகளைச் சுற்றிப் போட்டுப் பச்சைத்துணி விரித்திருந்தார்கள். சுற்றி மெம்பர்கள். தலைப்பாகைக்காரர் ஒருவர், குல்லாய்க்காரர் இரண்டு பேர், வெள்ளைச்சேலை கட்டின அம்மா ஒருவர். ஓரமாக இரண்டு பேர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கோழி கிளறினது மாதிரி எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் எழுதினார். நம் ஆபீசர் சுவரோரம் நாற்காலியில் இருந்தார். அவரைப் பார்த்ததும் பயத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

நான் ஜெபப்புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்தேன், சத்தியம் பண்ணச் சொல்வார்கள் என்று. தலைவர் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். தமிழில் எடுத்துச் சொல்ல வைத்திருந்த பிள்ளையாண்டான், “சத்தியமெல்லாம் வேணாமாம்மா. நீங்க சொல்றது அச்சாகும். ரகசியமா இருக்கணும்னா முன்னாலயே சொல்லிடணுமாம்” என்றான்.

“ரகசியம் எதுக்குங்க? வண்டி போனதையும் வந்ததையும் ஊரே பாத்துச்சு” என்றேன்.

முதல் கேள்வியே இடித்தது. புருஷன் பேர் என்ன என்று கேட்டார்கள். நான் எங்கே சொல்வது? கோயிலில் ஜெபம் சொல்லும்போதே அவர் பேருள்ள அர்ச்சிஷ்டவரை வேண்டுகிற வரி வந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறவள், உனக்குத் தெரியும். “எங்க கோயில்ல கையில சிலுவை புடிச்சிக்கினு நிப்பாரே, அவரு பேரு” என்றேன். “அந்தோணியா?” என்றான் பிள்ளையாண்டான். அந்தோணியார் கையில் குழந்தை அல்லவா இருக்கும்? இல்லை என்று தலையாட்டுவதற்குள் கோழி கிளறிவிட்டது. சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளைச்சேலை அம்மா ஆந்திராக்காரி போல. நான் தெலுங்கு பேசுவேனா என்று கேட்டார். “பேசாம? எங்க சந்தையில பாதி தெலுங்குதானே” என்று தெலுங்கிலேயே சொன்னேன். அதற்குப் பிறகு அந்த அம்மா கேட்க, நான் சொல்ல, இடையில் யாரும் இல்லை. எனக்குப் பயம் போய்விட்டது. அந்த அம்மா கேட்டதெல்லாம் ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளையிடம் கேட்கிற மாதிரி இருந்தது. முதல் பிரசவமா, வலி எப்போது கண்டது, நஞ்சுக்கொடி விழுந்ததா, என்ன கை வைத்தியம் பார்த்தீர்கள். எல்லாம் சொன்னேன். வீட்டுக்காரர் சைக்கிளில் போனதையும் ஜீப் நின்றதையும் சொன்னபோது ஆபீசர் எழுந்து, “பொய்யி, யாரும் வந்து சொல்லல” என்றார். தலைவர் மேசையைத் தட்டினார். “உங்க முறை வரும்போது பேசுங்க, இப்ப அந்தம்மா முறை” என்று சொன்னதாகப் பிள்ளையாண்டான் எனக்குச் சொன்னான். ஆபீசர் உட்கார்ந்துவிட்டார். அருள்மேரி பார்த்திருந்தால் சிரித்திருப்பாள்.

அப்புறம் அந்த அம்மா கேட்டார், “அந்த நர்ஸ் பேரு என்ன?”

ஆபீசர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல மாட்டேன் என்றால் மறைக்கிறேன் என்பார்கள். தெரியாது என்றால் பொய். அப்போது என் வாயில் தானாக வந்தது.

“அம்மா, எங்க பக்கத்துல பொம்பளைங்க வாயில சொல்லக் கூடாத பேருன்னு உண்டு. மொதல்ல வூட்டுக்காரர் பேரக் கேட்டீங்க, நான் சொல்லல, நீங்களும் கோவிச்சுக்கல. இதையும் அந்தக் கணக்குல சேத்துக்கோங்க.”

அந்த அம்மா விடவில்லை. “புருஷன் பேரு சொல்லாதது மரியாதைக்கு. இது எதுக்கு?” என்றார்.

“அதைவிட ஒசந்ததுக்கு” என்றேன்.

அந்த அம்மா அதை மற்றவர்களுக்குச் சொன்னார். குல்லாய்க்காரர் ஒருவர் கடகடவென்று சிரித்து, தன் வீட்டிலும் இப்படித்தான், தன் பேர் தன் பெண்சாதிக்கு ‘ஏனுங்க’ என்று மட்டும்தான் தெரியும் என்று தன் பாஷையில் சொன்னாராம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் பாப்பா. அவள் போன பிறகு முதல் தடவை. சிரித்துவிட்டு உடனே அழுகை வந்துவிட்டது. தலைவர் எழுந்து வந்து தண்ணீர் டம்ளரைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தார். பேரைத் திரும்பக் கேட்கவில்லை.

கேம்புக்குள்ளே ஆபீசர் என்ன சொன்னார், நர்ஸ் என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். “நான் அங்க இல்லீங்க, எனக்குத் தெரியாது” என்றேன். தெரியும். உன் கடிதத்தில் படித்தேன். அதைச் சொன்னால் நீ எழுதினாய் என்பது வெளியே வந்துவிடும். அதனால் விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது சாமியார், “நல்லாச் சொன்னம்மா. ஆனா ஜீப்பு ஏன் வரலங்கறது மட்டும் வெளிய வரல” என்றார். அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் உன் அடுப்பு எரிய வேண்டும்.

செசிலியா குப்புற விழுந்துவிட்டாள்.

பவுலினா


ஜவளகிரி,
8-9-1968

786

பெரியம்மா,

உங்கள் கடிதத்தை டாக்டரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “அதைவிட ஒசந்ததுக்கு” என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அவர்கள் வாங்கிப் படித்தார்கள். பிறகு அவர்களாலும் முடியவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். சாமியார் சொன்னது சரி. இப்போது கமிட்டியின் கையில் இருப்பது இவ்வளவுதான்: கூப்பிட்டோம், நர்ஸ் வரவில்லை. ஏன் வரவில்லை என்ற இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் ஆபீசர் என்ன வேண்டுமானாலும் எழுதி வைப்பார். உள்ளே பேசியது எனக்கும் அவருக்கும்தான் தெரியும்.

கமிட்டிக்கு எழுத்திலும் சாட்சி அனுப்பலாமாம், உங்களைப் போன்ற ஜனங்களும் அனுப்பலாம், என்னைப் போன்றவர்களும் அனுப்பலாம். கமிட்டிக்குச் சொன்னதற்காக யாரும் யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாது, பண்ணினால் பார்லிமெண்டே கேட்கும் என்று டாக்டரம்மா சொல்கிறார்கள். அது ஜவளகிரி வரைக்கும் எட்டுமா என்று கேட்டேன். “எட்டுதான்னு பாத்துடலாம்” என்றார்கள்.

எழுதி அனுப்பிவிட்டேன். சந்தியாகு கொட்டாய்ப் பவுலினாம்மாள் பேர் சொல்ல மறுத்த நர்ஸ் நான்தான் என்று ஆரம்பித்தேன். ஜீப்பைப் பற்றி, ஆடிட்டைப் பற்றி, கேம்புக்கு ஆள் சேர்க்காவிட்டால் எங்களுக்கு விளக்கம் கேட்டு வரும் மெமோக்களைப் பற்றி, கையெழுத்துக் கேட்ட தாளைப் பற்றி எல்லாம் எழுதினேன். முடிவில் முழுப் பேரும் போட்டேன். நீங்கள் திட்டுவீர்கள். திட்டுங்கள், ஆனால் நர்ஸம்மா என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அம்மாவிடம் சொன்னேன். “அந்த அருள்மேரிப் பொண்ணு நம்ம வூட்டுக்கு நோன்புக் கஞ்சி குடிக்க வந்தவதானே” என்றார்கள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

தாஹிரா


சந்தியாகு கொட்டாய்,
16-2-1969

சேசு மரி சூசை துணை

பாப்பா,

கமிட்டிக்கு எழுதினதற்காக உனக்கு மெமோ வந்தது என்று நீ எழுதினதிலிருந்து, டெல்லியிலிருந்து கடிதம் வந்த பிறகு அந்த மெமோவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை என்று எழுதின வரைக்கும் நான் தினமும் செபமாலை சொன்னேன். இப்போது ஆபீசரைத்தான் வேறு பக்கம் தூக்கிவிட்டார்களாமே. எனக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அவர் போன ஊரில் ஜீப் எதற்கு ஓடுகிறதோ.

இங்கே புது நர்ஸ் வந்திருக்கிறாள். என்னைப் பற்றி யாரோ என்ன சொல்லிவைத்தார்களோ, என்னைக் கண்டால் பயப்படுகிறாள். நம் மாரம்மா தங்கச்சிக்கு மாசம் நிறைந்ததும், கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள். “வலியே வரல, போயிட்டு அப்பறமா வாம்மா” என்றால், “இருக்கட்டுங்க, இருக்கறேன்” என்கிறாள். ஜீப்பு இன்னும் கேம்புக்குத்தான் என்கிறார்கள். கமிட்டி ரிப்போர்ட்டு வந்தால் மாறும் என்று சாமியார் சொல்கிறார். பார்ப்போம்.

போன வாரம் நான் சொன்னதை அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். தப்பு இருந்தால் திருத்தி அனுப்ப வேண்டுமாம். இங்கிலீஷில் இருந்தது. சாமியார் வரி வரியாகத் தமிழில் சொன்னார். வீட்டுக்காரர் பேர் அந்தோணி என்றுதான் இருந்தது. நான் எப்படித் திருத்துவது? அவரையே கூப்பிட்டு எழுதச் சொன்னேன். “டெல்லிக்காரன் எனக்கு வேற பேரே வெச்சுட்டானா” என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருந்தது. பேரைச் சொல்லாதது, அவர்கள் சிரித்தது, நான் அழுதது, ஒன்று விடாமல் இருந்தது. எனக்கு அதைக் கேட்கக் கேட்க மனசு எங்கேயோ போய்விட்டது. நான் யார்? சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள். என் வாயிலிருந்து வந்ததைப் பிடித்து வைக்க இரண்டு பேர் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

கமிட்டியில் யாரும் கேட்காதது ஒன்று இருக்கிறது. நானும் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கும் தெரியாது, அவர் மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வாய்க்கால் பாலம் தாண்டினதும் அருள்மேரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சும்மா அசையவில்லை, பேசத்தான் பேசினாள். நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன். சக்கரம் கல்லில் ஏறி இறங்குகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. “வண்டியை நிறுத்துங்க” என்று கத்தினேன். வண்டி நின்றது. அதற்குள் அவள் சொல்லி முடித்துவிட்டாள்.

என்னிடம் பேசினதைவிட உன்னிடம்தான் அவள் அதிகம் பேசினவள். முன்னறையில் நீங்கள் இரண்டு பேரும் சிரித்துப் பேசுகிறது அடுப்படிக்குக் கேட்கும், என்ன பேச்சு என்று மட்டும் எனக்குத் தெரியாது. நீ அவள் மனசைப் பார்த்தவள். பிள்ளை பெற்ற எத்தனையோ பேரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

என் மகள் என்னிடம் என்ன சொல்லிவிட்டுப் போனாள் பாப்பா?

பவுலினா